காயம்பட்ட நாளுக்கு யார் கூலி தருவது?

1907ஆம் ஆண்டு சிட்னியில் அலெக்ஸ் பர்டன் என்ற ரக்பி முன்வரிசை ஆட்டக்காரர் ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். முடி திருத்துவதுதான் அவருடைய பிழைப்பு. கை எழாவிட்டால் அன்றைக்கு வருமானம் கிடையாது. அவர் ஆடியதோ மாநில அணிக்கு. ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்திடம் வசூலான பணம் ரக்பி சங்கத்தின் கையில் இருந்தது. அதிலிருந்து அவர் இழந்த கூலிக்கு ஈடு எதுவும் வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் உருவானபோது, அதற்கு உந்துதலாக இருந்த குறைகளில் பர்டனுடைய குறை முதன்மையானது. இங்கிலாந்தில் இதே சண்டை 12 ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஆட்டத்துக்காக வேலையிழக்கும் நாளுக்கு ஈட்டுத்தொகை வேண்டும் என்று வடக்கு இங்கிலாந்தின் சுரங்க, ஆலை நகரங்கள் 1893இல் கொண்டுவந்த தீர்மானத்தை ரக்பி சங்கம் 136க்கு எதிராக 282 வாக்குகளில் தோற்கடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் 22 கழகங்கள் பிரிந்து வந்து தனிச் சங்கம் அமைத்தன. அவை ஒப்புக்கொண்ட தொகை ஒரு நாளைக்கு 6 ஷில்லிங். ரக்பி லீக் பிறந்த கதை இதுதான்.

விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் இந்தப் பிரிவை வழக்கமாக வர்க்கச் சண்டையாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் கூலிக்கு ஆடாத கனவான்கள், மறுபக்கம் கூலி கேட்ட தொழிலாளிகள். அது உண்மைதான். ஆனால் தொழிலாளிகள் முதலில் கேட்டது என்ன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆடியதற்குச் சம்பளம் என்று அவர்கள் தொடங்கவில்லை. ஆட்டத்தால் இழந்த நாளுக்கு ஈடு என்றுதான் தொடங்கினார்கள். 1898இல் ஆடுவதற்கே பணம் தரலாம் என்று புதிய சங்கம் முடிவெடுத்தபோதுகூட, ஆட்டக்காரருக்கு வெளியே ஒரு நிலையான வேலை இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. உடம்பை வைத்துப் பிழைப்பவனுக்குச் சம்பளத்தின் அளவைவிட, உடம்பு ஒத்துழைக்காத நாளின் செலவை யார் சுமப்பது என்பதே பெரிய கேள்வி. இந்தக் கேள்வியை வைத்துக் கொச்சியின் கால்பந்தைப் பார்த்தால், கேரளத்தில் பலரும் பின்தங்கிய காலம் என்று ஒதுக்கும் ஆலை அணிகளின் காலம் வேறு மாதிரித் தெரியும். அந்த அணிகள் தந்த வேலை ஒரு சலுகை அல்ல, அதுவே ஊதியம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். ஒப்பந்தக் கால்பந்து அந்த ஊதியத்தின் ஒரு பாதியைக் கூட்டிவிட்டு மறுபாதியைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டது.

முன்வரிசை ஆட்டக்காரரின் தொழிலை வைத்தே இதைத் தொடங்கலாம். ரக்பி லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். அவர்களில் 6 பேர் முன்வரிசை. எதிரணியின் தடுப்புச் சுவருக்குள் பந்தோடு மோதி முன்னேறுவதும், மோதி வருபவரை மடக்கி வீழ்த்துவதும் அவர்கள் வேலை. புள்ளி எடுக்கும் ஓட்டம் பெரும்பாலும் பின்வரிசைக்காரர்களுக்கு வாய்க்கும். அதற்கு இடம் உண்டாக்கித் தருகிற மோதல் முன்வரிசையின் பங்கு. இந்த மோதல்களின் கணக்கு ஆடும் நாளோடு தீர்வதில்லை. ஆஸ்திரேலியாவில் கேன்டர்பரி அணியின் புகழ்பெற்ற முன்வரிசை ஆட்டக்காரரும் பின்னாளில் அதன் பயிற்சியாளருமான ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018இல் இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்தது இறந்த பிறகான பரிசோதனையில் தெரியவந்தது. பிரிட்டனில் முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் இதே காரணத்துக்காக வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். ஆகவே இத்தொழிலின் நியாயமான ஊதியத்தில் மூன்று கூறுகள் இருந்தாக வேண்டும்: ஆடும் நாளுக்கான பணம், அடிபட்டுக் கிடக்கும் நாளுக்கான பணம், ஆட்டம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் வாழ்நாளுக்கான பணம். முதல் கூறு மட்டும்தான் செய்தித்தாளில் வரும்.

கொச்சிக்கு, அதிலும் மட்டாஞ்சேரிக்கு, இரண்டாவது கூறின் அருமை விளையாட்டுக்கு வெளியிலேயே நன்றாகத் தெரியும். கொச்சித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு ஒரு காலத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. குத்தகைதாரரின் மூப்பன் காலையில் கூடி நிற்கும் ஆட்களுக்கு நடுவே உலோக வில்லைகளை வீசுவார். முண்டியடித்து வில்லையைப் பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. நேற்று எவ்வளவு சுமந்தாய் என்பதற்கு இன்று மதிப்பில்லை. முதுகு பிடித்துக்கொண்டால் கூட்டத்துக்குள் பாயவே முடியாது. இந்த முறைக்கு எதிராக நடந்த வேலைநிறுத்தத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டதும் வெறும் கூலி உயர்வு அல்ல. வேலை இன்றைக்கு உண்டா இல்லையா என்பது தன் தோள்வலிமையையும் மூப்பனின் மனத்தையும் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது என்பதுதான் கோரிக்கையின் உட்பொருள். பின்னர் துறைமுகத் தொழிலாளர் வாரியமும் பெயர்ப் பதிவேடும் வந்து சாப்பாவை ஒழித்தன. அன்றாடக் கூலியின் நிச்சயமின்மையை இவ்வளவு கண்கூடாகப் பார்த்த ஒரு நகரத்தில், நிரந்தர வேலை என்பது வீட்டுக்கு வீடு பெரிய கனவாக இருந்ததில் வியப்பில்லை.

அந்தக் கனவைக் கால்பந்தோடு இணைத்தவை கொச்சியைச் சுற்றியும் அதற்கு வெளியேயும் எழுந்த ஆலைகள். ஆலுவாவுக்கு அருகே உத்யோகமண்டலில் ஃபாக்ட் உர ஆலை, களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், திருவனந்தபுரத்தில் டைட்டானியம் என்று ஒவ்வொரு நிறுவனமும் நல்ல ஆட்டக்காரரை வேலைக்கு எடுத்துத் தன் சட்டையைப் போட்டுவிட்டது. இதன் விளைச்சல் 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் தெரிந்தது. இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் முதல்முறையாக மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி, ஃபாக்ட் ஆட்டக்காரர். துணைத்தலைவர் டி.ஏ. ஜாஃபர், ஃபாக்ட்டிலும் பிரீமியர் டயர்ஸிலும் ஆடிய கொச்சிக்காரர். பயிற்சியாளரோ நம்மூர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்கு கோல் அடித்தவர். அணியைக் கட்டிய செலவில் பெரும்பகுதி விளையாட்டுச் சங்கத்தின் கணக்கில் இல்லை. ஆலைகளின் சம்பளப் பட்டியலில் இருந்தது. மைதானத்தில் திரண்ட கூட்டம் பார்த்தது 90 நிமிடங்களை. அந்த 90 நிமிடங்களுக்கு ஆட்டக்காரரை ஆண்டு முழுக்கத் தாங்கி நின்றது மாதச் சம்பளம்.

இதை ஊதியம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முன்கள வீரர் ஆலை அணியில் சேரும்போது தன் இருபதுகளின் வேகத்தை விற்கிறார். அதற்கு ஈடாகக் கிடைப்பது அந்த வயதிலேயே கைக்கு வரும் பெரிய தொகை அல்ல. முழங்கால் போனாலும் நிற்காத சம்பளம், முப்பத்தைந்துக்குப் பிறகும் தொடரும் வேலை, ஓய்வூதியம் அல்லது சேமநிதி ஆகியவைதான். விலையின் பெரும்பகுதி பின்தேதியிட்டுத் தரப்படுகிறது. ஐ.எம். விஜயனின் வாழ்க்கை இதற்கு மிகத் தெளிவான சான்று. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், 1987இல் கேரளப் போலீஸ் அணிக்குள் வந்தார். 1990இலும் 1991இலும் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. பிறகு மோகன் பகான், ஜேசிடி, எஃப்சி கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் என்று பணம் கூடுதலாகக் கிடைத்த கழகங்களில் ஆடினார். இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் என்ற புகழும் வந்தது. ஆட்டம் ஓய்ந்த பின் அவர் திரும்பிச் சென்ற இடம் போலீஸ் துறை. பத்மஸ்ரீ பெற்ற 2025இல், மலபார் சிறப்புப் போலீஸின் துணை கமாண்டன்டாக ஓய்வு பெற்றார். கழகங்கள் அவருடைய கால்களுக்கு விலை கொடுத்தன. மிச்ச வாழ்க்கைக்கு இடம் கொடுத்தது வேலை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகக் காட்டுவது பொய்யில்லையா? எல்லோருக்கும் விஜயனுக்கு வாய்த்தது வாய்க்கவில்லை. வேலை கிடைத்தவர் சிலர், வாசலில் நின்றவர் பலர். அணி மாற நினைப்பவர் வேலையைத் துறக்க வேண்டும்; ஆகவே பலருடைய ஆட்டம் அலுவலகத்தின் எல்லைக்குள்ளேயே முடங்கியது. பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆலைகள் அணியே வைக்கவில்லை. நிறுவனத்துக்கு நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது விளையாட்டுக்கு. பிரீமியர் டயர்ஸ் அணி கலைந்தது. பிறகு ஆலையே அப்போலோ டயர்ஸ் கைக்குப் போனது. இவை எல்லாம் உண்மை. இன்னும் கசப்பான சான்றும் இருக்கிறது. 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை வென்று கேரளத்துக்குச் சந்தோஷ் கோப்பை வாங்கித் தந்த அணித்தலைவர் வி.பி. சத்யன், இந்திய அணிக்கும் தலைமை தாங்கியவர். சென்னையில் இந்தியன் வங்கியில் அவருக்கு வேலை இருந்தது. காலில் பட்ட காயங்களும் மனச்சோர்வும் அவரை விடவில்லை. 2006 ஜூலையில், 41 வயதில், அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். சம்பளம் வந்துகொண்டிருந்தாலே போதும் என்று சத்யனுக்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

இந்த மறுப்பு என் வாதத்தைக் குறைக்கவில்லை, அதன் எல்லையைச் சரியாக வரைகிறது. வேலை என்ற வடிவம் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. அந்த வடிவம் ஒரு பணியைச் செய்தது என்கிறேன். உடம்பின் அபாயத்தை ஆட்டக்காரரின் தனிக்கணக்கிலிருந்து எடுத்து ஒரு நிறுவனத்தின் கணக்கில் வைத்ததே அந்தப் பணி. அதைக் குறைவாகச் செய்தது, சிலருக்கு மட்டும் செய்தது, மனத்தின் காயத்துக்குச் செய்யவே இல்லை. இந்தக் குறைகளுக்கு விடை அந்தப் பணியை விரிவாக்குவதுதான். நடந்ததோ வேறு: வடிவத்தைக் கழித்துக் கட்டியபோது பணியும் சேர்ந்தே போய்விட்டது.

அது போன விதத்தைக் கொச்சியிலேயே பார்க்கலாம். 1997இல் எஃப்சி கொச்சின் தொடங்கியது. கேரளத்தின் முதல் முழுநேரத் தொழில்முறைக் கழகம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, தமிழ்நாட்டு முன்கள வீரர் ராமன் விஜயன் போன்ற பெயர்களைச் சேர்த்தது. அதே ஆண்டு மோகன் பகானை 3-1 என்று தோற்கடித்து டூரண்ட் கோப்பையை வென்றது. அதற்கு முன் எந்தக் கேரள அணிக்கும் அந்தக் கோப்பை கிடைத்ததில்லை. ஆட்டம் ஜொலித்தது, வருமானம் ஜொலிக்கவில்லை. டிக்கெட்டும் விளம்பரதாரரும் சம்பளப் பட்டியலைத் தாங்கவில்லை. சம்பள பாக்கிப் புகார்கள் எழுந்தன. 2002இல் கழகம் மூடப்பட்டது. கழகம் திறமையற்றது என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. ஆட்டக்காரரின் மூன்று கூறு ஊதியமும் ஒரே உரிமையாளரின் பணப்பையில் தொங்கும்போது, அந்தப் பை கிழிந்தால் மூன்றும் ஒன்றாகக் கொட்டிவிடும். ஆலை அணி கலைந்தபோது ஆட்டக்காரரிடம் வேலையாவது மிஞ்சியது. கழகம் கலைந்தபோது மிஞ்சியது பாக்கிக் கணக்கு.

இன்று நிலைமை மாறிவிட்டது, இந்தியன் சூப்பர் லீக் பெரும் பணத்தைக் கொண்டுவந்துவிட்டது, ஒரே பருவத்தில் லட்சங்களில் வாங்கும் ஆட்டக்காரர் தன் எதிர்காலத்தைத் தானே சேமித்துக்கொள்ளலாம் என்று ஒரு பதில் உண்டு. 2014 முதல் கலூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தை மஞ்சளால் நிரப்பும் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பதில் நம்பத்தக்கதாகவே இருக்கும். 2025 அந்த நம்பிக்கையைச் சோதித்துவிட்டது. லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடுத்த பருவம் ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. யாருக்கும் காயமில்லை, யாரும் மோசமாக ஆடவில்லை; மேலே இரண்டு தரப்பு கையெழுத்திடாததால் கீழே சம்பளம் நின்றது. சேமித்துக்கொள் என்ற அறிவுரை உச்சியில் இருக்கும் சிலருக்குப் பொருந்தும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில், இரண்டாம் வரிசையில் இருக்கும் 24 வயது ஆட்டக்காரருக்கு அது பொருந்தாது. உலக அளவிலும் காப்பீடு யார் பக்கம் நிற்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். நாட்டு அணிக்கு ஆடும்போது ஒருவர் அடிபட்டால் ஃபிஃபாவின் பாதுகாப்புத் திட்டம் 2012 முதல் இழப்பீடு தருகிறது. அந்தப் பணம் போவது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கழகத்துக்கு.

துறைமுகக் கூலியாளையும் கால்பந்து வீரரையும் ஒரே தட்டில் வைப்பது மிகை என்று இன்னொரு மறுப்பு வரலாம். ஒருவர் பசிக்காகப் பாய்ந்தார், மற்றவர் விரும்பி ஆடுகிறார். ஒருவர் பெயரற்றவர், மற்றவருக்கு ரசிகர்கள் உண்டு. இந்த வேறுபாடு நட்சத்திரங்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் கேரளக் கால்பந்தில் மிகப் பலர் பணம் பார்க்கும் இடம் சூப்பர் லீக் அல்ல, மலபாரின் செவன்ஸ் ஆட்டங்கள். அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் மூங்கில் கேலரி கட்டி, இரவு விளக்கில், அணிக்கு எழுவராக ஆடும் அந்தப் போட்டிகளைத் தேசியச் சங்கம் அங்கீகரிப்பதில்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் இளைஞர்களும் அங்கே ஆடுகிறார்கள். பணம் ஆட்டத்துக்கு ஆட்டம் கைக்கு வரும். இன்று ஆடினால் இன்று பணம். மூட்டு விலகினால் அந்தப் பருவமே போச்சு. கூலியின் அளவு வேறு, கைதட்டல் வேறு, ஆனால் வேலையின் உள்ளமைப்பு சாப்பாவுக்கு மிக அருகில் நிற்கிறது: நாள்கூலி, பதிவேடு இல்லை, காயத்தின் முழுப் பொறுப்பும் காயம்பட்டவனுக்கே. விரும்பிச் செய்கிறார் என்பதால் ஒருவருடைய உழைப்புக்குக் காப்பு வேண்டாம் என்றாகிவிடாது. பர்டனும் ரக்பியை விரும்பித்தான் ஆடினார்.

ஆகவே கேள்வி, ஆலை அணிகளை மீட்டெடுப்பதா என்பதல்ல. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்க்கும் உடலுழைப்பாளிக்கு எப்படிக் காப்பு தருவது என்பதுதான். இதற்கு விடை தேட லண்டனுக்கோ சிட்னிக்கோ போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியின் மசாலாக் கிடங்குகளில் மூட்டை சுமப்பவருக்கு நிரந்தர முதலாளி கிடையாது. காலையில் ஒரு கடை, மாலையில் இன்னொன்று. அப்படியிருந்தும் 1978இன் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அவர் பதிவு செய்யப்படுகிறார். சரக்குக்காரர் கூலியோடு சேர்த்து ஒரு பங்கை நலவாரியத்துக்குக் கட்டுகிறார். அந்தப் பொது நிதியிலிருந்து சேமநிதி, மருத்துவ உதவி, ஓய்வுக்கால உதவி ஆகியவை வருகின்றன. தமிழ்நாட்டிலும் 1982இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே நலவாரியங்கள் உண்டு. ஆட்டக்காரருக்கும் இதே வடிவம் பொருந்தும். சூப்பர் லீக் கழகமோ, 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் ஃபோர்கா கொச்சியோ, செவன்ஸ் போட்டி நடத்தும் குழுவோ, யார் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்தாலும் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு ஒரு பொது வாரியத்துக்குப் போக வேண்டும். காயத்துக்கான சிகிச்சையும் ஆட முடியாத மாதங்களின் படியும் மனநல உதவியும் வாரியத்திலிருந்து வர வேண்டும். கழகம் மூடினாலும் ஆட்டக்காரரின் கணக்கு மூடாது. 2006இல் பாய்ச்சுங் பூட்டியா தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் போன்ற அமைப்புக்கு அந்த வாரியத்தில் இருக்கை இருந்தால், நிதி எங்கே போகிறது என்று கேட்கவும் ஆள் இருக்கும்.

அரசுப் பணத்தை விளையாட்டுக்காரருக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. கேரள அரசு ஏற்கெனவே செலவிடுகிறது. கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று 2018இல் சந்தோஷ் கோப்பை வாங்கிய அணியில் வேலையில்லாதவர்களுக்கு அரசு வேலை அளித்தது. அது பாராட்டத்தக்கது, ஆனால் வென்றவருக்கு மட்டும், வென்ற பிறகு மட்டும், அமைச்சரவை மனம் வைத்தால் மட்டும் கிடைப்பது. இறுதியாட்டத்துக்கு முன்பே மூட்டு உடைந்தவருக்கு அதில் பங்கில்லை. பரிசு வேறு, காப்பு வேறு. பரிசு சாதனையைப் பார்த்து வரும். காப்பு உழைப்பைப் பார்த்து வர வேண்டும். வாரியத்துக்கு வேண்டிய பணம் முதன்மையாகக் கருவூலத்திலிருந்து வராது. டிக்கெட், ஒளிபரப்பு, விளம்பரம் ஆகியவற்றின் வழியே ஆட்டக்காரரின் உடம்பால் பணம் பார்ப்பவர்களிடமிருந்து வரும். அரசு செய்ய வேண்டியது சட்டம் இயற்றி வசூலை உறுதிப்படுத்துவது. இதனால் சிறிய போட்டிகள் நின்றுவிடும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. சுமட்டுச் சட்டம் வந்தபோதும் வணிகர்கள் இதே அச்சத்தைச் சொல்லியிருக்க முடியும். கட்டணத்தை வருமானத்தின் அளவுக்கேற்ப வைத்தால் வயலில் நடக்கும் செவன்ஸும் தாங்கும், கலூரில் நடக்கும் லீக்கும் தாங்கும். காயத்துக்கு ஈடு தர முடியாத அளவுக்கு ஒரு போட்டி ஏழ்மையானது என்றால், அது இதுவரை நடந்துவந்தது ஆட்டக்காரரின் மானியத்தில் என்றுதான் பொருள். அந்த மானியத்தைத் தொடர்ந்து தருமாறு அவரிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை.